இருபத்துநாலடிக் கரை

பிரான்சின் கால்வாய்க் கரைகளில் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களின் படங்களைப் பார்த்தால் கண் முதலில் மரங்களிடம்தான் போகும். துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரக் காயல்வரை 240 கிலோமீட்டர் ஓடும் மிதிக் கால்வாயின் கரைகளில் ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நின்றன. (பெயரில் ‘மிதி’ இருப்பது சைக்கிளுக்காக அல்ல, பிரெஞ்சில் அச்சொல்லுக்கு நண்பகல் என்றும் தெற்கு என்றும் பொருள்.) பியர் போல் ரிக்கே என்ற உப்புவரி வசூல்காரர் பதினான்காம் லூயியின் ஆணையோடு 1666இல் எடுத்த வேலை அது. 1680இல் அவர் செத்துப்போனார், அடுத்த ஆண்டு கால்வாய் திறந்தது. 2006இல் அந்த மரங்களில் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. மருந்தில்லாத நோய். நோய் கண்ட மரத்தையும் அதற்குப் பக்கத்து மரங்களையும் சேர்த்து வெட்டி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். ஆயிரக்கணக்கில் மரங்கள் போயின. மைல் கணக்கில் நிழல் போயிற்று. ஆனால் சைக்கிள்காரர்கள் வருவது நிற்கவில்லை. அப்படியானால் அந்தப் பயணத்தைத் தாங்கி நின்றது மரமல்ல. படத்தில் யாரும் கவனிக்காத, மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவிலிருக்கும் அந்த மண் பட்டைதான்.

அந்தப் பட்டைக்கு ஒரு வயது உண்டு. 1669இல் பிரெஞ்சு மன்னர் நீர்நிலைகளுக்கும் காடுகளுக்குமாக ஒரு பெரிய சட்டம் போட்டார். படகு போகும் ஆறுகளின் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர், படகிழுக்கும் குதிரைகளுக்காக ஒரு பக்கம் 24 அடி விட்டுவிட வேண்டும், எதிர்க்கரையில் 10 அடி விட வேண்டும் என்றது அது. வேலி போடக் கூடாது, மரம் நடக் கூடாது, சுவர் எழுப்பக் கூடாது. இன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் அதே அளவு 7.80 மீட்டர் என்றும் 3.25 மீட்டர் என்றும் நிற்கிறது. இந்தக் காலத்தில் சட்டம் எழுதுகிற எவரும் எட்டு மீட்டர், மூன்று மீட்டர் என்றுதான் எழுதுவார்கள். அந்த அரைகுறைத் தசமங்களே, அரசனுடைய பழைய அடி இன்னும் கரையில் ஊன்றியிருப்பதற்கு அத்தாட்சி. வெட்டிய கால்வாய்களில் கரை கால்வாய்ச் சொத்தின் பகுதியாகவே இருந்தது. பிறகு குதிரை போய் எஞ்சின் வந்தது, ரயிலும் லாரியும் வந்து சரக்குப் படகையும் கொண்டுபோயின. பாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று, ஆனால் பாதை போகவில்லை. சட்டம் அதைப் பிடித்து வைத்திருந்தது. காலியாகக் கிடந்த அந்த வழிக்குள்தான் சைக்கிள் வந்து சேர்ந்தது. அதுவும் தானாக வந்துவிடவில்லை. குதிரைக்கென்று விட்ட வழியில் சைக்கிளை விட, உள்ளூராட்சிகள் 1991இல் அமைந்த நீர்வழி நிறுவனத்தோடு நீளம் நீளமாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. லுவார் ஆற்றோரம் இன்று ஏறக்குறைய 900 கிலோமீட்டர் தொடரும் சைக்கிள் வழியும் துண்டு துண்டாகக் கோத்ததுதான். பிரெஞ்சுக்காரர்களின் ரசனையைப் பற்றி நம்மூர்ப் பயணக் கட்டுரைகள் எழுதித் தள்ளுகின்றன. ரசனை பிற்பாடு வந்தது. முன்னால் வந்தது வழியுரிமை.

இந்தக் கதையைக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கத்து நாச்சியாபுரத்தில் வைத்து யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். செட்டிநாட்டில் படகு போகும் கால்வாய் கிடையாது, வற்றாத ஆறு கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, விருசுழியாறு, சருகணியாறு என்று பெயர்களுக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை தாண்டினால் பெரும்பாலும் மணல்தான். ஆனால் கரைக்குக் குறைவில்லாத சீமை இது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று கணக்கில் உள்ளவை 39,000க்கு மேல். அவற்றில் பெரும்பங்கு பழைய ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகள் போன்ற வானம் பார்த்த பூமியில்தான் கிடக்கிறது. நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு கரை. கரை நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால், மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்துக்கால், அது நிறைந்தால் அதற்கடுத்தது. ஊருக்குள் ஊருணிக்கும் இதே வரத்துதான். 2014இல் செட்டிநாட்டின் சில ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்கையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, இந்தத் தண்ணீர் ஏற்பாட்டையும் சேர்த்தே சொன்னார்கள். இருந்தாலும் சுற்றுலா என்று வருகிறவர் முகப்பையும் வளவையும் பார்த்துவிட்டுக் காரேறிப் போய்விடுகிறார். அந்த வீடுகளின் கிணற்றில் தண்ணீர் ஊற வைத்த கரையை அவர் பார்ப்பதில்லை.

தண்ணீர் மேடேறாது. சைக்கிளுக்கும் மேடேற விருப்பமில்லை. இரண்டுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான், ஆனால் இது போதும். பொறியாளர் மட்டம் பார்த்து வெட்டிய கால்வாயின் கரை, ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை ஏற்ற இறக்கமே இல்லாத வழி. கண்மாய்க் கரையும் அப்படித்தான். உச்சி மட்டமாக இல்லாவிட்டால் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் ஏறி உடைத்துக்கொள்ளும் என்பதால் கட்டினவர்கள் அதை மட்டமாகவே கட்டினார்கள். வரத்துக்காலோ மெல்லிய இறக்கத்திலேயே போகும். ஆகவே ஒரு தொடர் கண்மாயை மேலிருந்து கீழாகப் பின்தொடரும் சைக்கிள் தண்ணீர் போன போக்கிலேயே போகும். கரைமேல் வளைந்து, கலுங்கில் இறங்கி, மறுகாலோரம் நேராகப் போய், அடுத்த கரையில் ஏறும். வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக் கால்வாய் ஒரு கோடு. ஒரு முனையில் புறப்பட்டால் மறுமுனை. கண்மாய்த் தொடரோ ஒரு சங்கிலி, சில இடங்களில் வலை. இங்கே தொலைதூரம் போகிற பெருமை கிடைக்காது. ஒரு நாளில் நாலைந்து கண்மாய், ஏழெட்டு ஊர் என்பதே பயணத்தின் அளவாக இருக்கும். அதில் குறையொன்றும் இல்லை. ஒவ்வொரு மடையும் ஒரு ஆயக்கட்டு, ஒவ்வொரு கலுங்கின் உயரமும் மேலூருக்கும் கீழூருக்கும் இடையே எப்போதோ நடந்து முடிந்த ஒரு பஞ்சாயத்து. 100 கிலோமீட்டர் போகிறவருக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் இருக்காது.

வண்டியும் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் 1900இல் பர்மாவின் மௌல்மேனில் தொடங்கிய வட்டித் தொழிலின் வழிவந்த குடும்பம்தான் 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையை நிறுவியது. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடிய ஹெர்குலிஸிலும் பி.எஸ்.ஏ.யிலும் செட்டிநாட்டு முதலும் சேர்ந்து உருண்டது. அதைவிட முக்கியமான கதை பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடங்களில் ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். நடுவில் குறுக்குக் கம்பி இருப்பதால் பிள்ளையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கேரியரில் தண்ணீர்க் குடம், கம்பியில் குழந்தை. இந்த இரண்டுக்கும் இடையில் மிதித்தவளுக்குச் சைக்கிள் என்னவாக இருந்தது என்பதைச் சுற்றுலாத் துறையின் எந்தச் சிற்றேடும் சொல்லாது. பிறகு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு முழுவதற்கும் விரிந்தது. ஆக, வண்டி வீடு தேடி வந்துவிட்டது, கரை முன்பே இருக்கிறது. இல்லாதது இரண்டையும் சேர்க்கும் உரிமைதான்.

உரிமை இல்லாத வழி என்னவாகும் என்பதற்குப் பக்கிங்ஹாம் கால்வாயைக் காட்டலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் கால்வாயாகப் பிறந்து, தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் கையால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இணைப்பு வெட்டப்பட்டு, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம்வரை 420 கிலோமீட்டர் நீண்ட நீர்வழி அது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகளைக் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். பிரான்சில் குதிரை செய்த வேலையை இங்கே மனிதன் செய்தான். அதாவது நமக்கும் ஓர் இழுப்புப் பாதை இருந்தது, ஆள் நடந்து நடந்து கெட்டிப்பட்ட பாதை. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து தேய்ந்தது. கரை யாருக்கும் தேவைப்படாமல் ஆனது, தேவைப்படாத இடம் எல்லோருக்கும் தேவைப்பட்டது. கடைசியில் சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களை வாய்க்காலுக்குள்ளேயே இறக்கினார்கள். 1995இல் முதல் ரயில் ஓடியது. ரயில் வந்தது தப்பில்லை. ஆனால் தூணை எங்கே இறக்குவது என்று யோசித்தவர்களின் வரைபடத்தில் கரை என்பது காலி இடமாக இருந்ததே தவிர வழியாக இல்லை. ஒரு சொல் வித்தியாசம்தான். துலூஸில் அந்தச் சொல் இருந்தது, மயிலாப்பூரில் இல்லை.

எதிர்க்கேள்விகளில் முதலில் வருவது வெயில். சித்திரையில் கண்மாய்க் கரையில் யார் மிதிப்பார்கள்? யாரும் மிதிக்க வேண்டாம். லுவார் கரையிலும் தை மாதக் குளிரில் யாரும் போவதில்லை. அவர்களுக்கு ஆறு மாதம் என்றால் நமக்கு நாலு மாதம். கார்த்திகையில் கண்மாய் பெருகியதிலிருந்து மாசியில் அறுப்பு முடியும்வரை காலை வெயில் தாங்கும்படிதான் இருக்கிறது. அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. ஊர் ஊராக மெதுவாகப் போவது என்பது நம் பழக்கத்தில் இல்லை, அது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்பது. இதை வேறு எந்த ஊரில் கேட்டாலும் பதில் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். குன்றக்குடிக்குப் பக்கத்தில் கேட்டால் சிரிப்புத்தான் வரும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்தே போகிறது. நானூறு ஆண்டுப் பழக்கம் என்பார்கள். இன்ன நாள் இன்ன ஊரில் தங்கல், இன்ன இடத்தில் சாப்பாடு, வழியில் மோர், பானகம், கால் வலிக்குத் தைலம் என்று எல்லாம் வழிவழியாக ஏற்பாடு. நகரத்தார் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்து எல்லாச் சனமும் இன்று அந்த நாள்களில் நடக்கிறது. வழிநெடுகச் சத்திரம் கட்டி, வட்டிக்கடைக் கணக்கிலேயே மகமை என்று தர்மத்துக்கு ஒதுக்கிய சமூகத்துக்கு மெதுவான பயணத்தைப் பாரிஸிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லாதது நடப்பதற்கு இடம்தான். காவடி எடுத்தவர்கள் விடியுமுன் தார்ச்சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, பின்னால் வரும் லாரியின் வெளிச்சத்தைத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள்.

பக்தி வேறு, உல்லாசம் வேறு என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். பழனிக்குப் போகிறவனுக்கு ஒரு நேர்ச்சை இருக்கிறது, கண்மாயைச் சுற்றுகிறவனுக்கு என்ன இருக்கிறது? கேள்வி நியாயமானதே. சும்மா போவது என்பதற்கு நம் சமூகத்தில் மரியாதை குறைவு. எங்கே போகிறாய் என்று கேட்டால் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனால் உல்லாசத்துக்கென்று வழி கேட்பது என் வாதமல்ல. வழி இருந்தால் அதில் யார் யார் போவார்கள் என்று கணக்குப் போட்டால் ஊர் சுற்ற வருகிறவர் கடைசியில்தான் வருவார். முதலில் 11ஆம் வகுப்பில் சைக்கிள் வாங்கின பெண். அவளுடைய மேல்நிலைப் பள்ளி பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கிறது. பேருந்து வராத நேரத்தில் அவள் போக வேண்டியது திருச்சி-ராமேஸ்வரம் நெடுஞ்சாலை மாதிரியான ஒரு சாலையின் ஓரத்தில். பெண்பிள்ளை தனியாக ஆளரவமில்லாத கரையில் போவதா என்று பெற்றவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் சரியானது. கரைக்கு ஆளரவம் வந்தால்தான் அது தீரும். நாலு பேர் போகிற வழியில்தான் ஐந்தாவது ஆள் போவார். அடுத்து, மடை திறக்கப் போகிற நீர்பாய்ச்சி, ஆடு பத்துகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். அதன் பிறகுதான் கானாடுகாத்தானில் அறை எடுத்துத் தங்கி, வாடகைச் சைக்கிள் எடுத்து வருகிற வெளியூர்க்காரர். அவரும் வரட்டும். காரில் வருகிறவரின் காசு தங்கும் விடுதியோடு நின்றுவிடும், சைக்கிளில் வருகிறவருக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு டீயும் ஒரு பஞ்சர் கடையும் வேண்டும்.

இதைவிடக் கசப்பான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைச் சுற்றுலா பேசுகிறவர்கள் தொடமாட்டார்கள். இந்தச் சீமையில் வழி என்பது ஒருபோதும் வெறும் வழியாக இருந்ததில்லை. சிவகங்கையை உள்ளடக்கியிருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி பதிவு செய்திருக்கிறார். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. குடைக்கும் செருப்புக்கும் இருந்த தடை பின்னாளில் சைக்கிளுக்கு மாறியது. தென்மாவட்டங்களின் பல ஊர்களில் மேல்சாதித் தெரு வந்ததும் தலித் இளைஞர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இந்த மண்ணில் ‘ரம்மியமான கிராமத்துப் பாதை’ என்று எழுதுகிற பேனா, அந்தப் பாதையில் யார் இறங்கி நடந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை முறிப்பதாக நான் நினைக்கவில்லை, இன்னும் இறுக்குகிறது. தெருவை ஒரு சாதி தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளலாம். வரப்பு பட்டாதாரருடையது. கண்மாய்க் கரை மட்டும் புறம்போக்கு, எவர் பெயரிலும் இல்லாதது. ஊரைச் சுற்றாமல், எவர் வாசலையும் கடக்காமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகக்கூடிய பொது நிலம் அதுதான். அதனாலேயே அதை ஊர் வழக்கத்துக்கு விடாமல் எழுத்தில் வழியாக்க வேண்டியிருக்கிறது. 1669இல் பிரெஞ்சு அரசன் நினைத்தது படகையும் வரும்படியையும்தான், சமத்துவத்தை அல்ல. இருந்தாலும் நிலக்கிழார் தோட்டத்துக்குக் குறுக்கே குதிரைக்காரன் யாரிடமும் கேட்காமல் போனான்.

கரை கெட்டுப்போகும் என்ற பயமும் உண்டு. நீர்வளத் துறையில் எவரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆளையும் சேர்த்து நூறு கிலோ தேறாத சைக்கிள் கரையைக் கெடுக்காது. கெடுப்பது சவுடு ஏற்றிய டிராக்டரும், கரையைக் குடைந்து மண்ணெடுக்கும் ஜே.சி.பி.யும், யாரும் ஏறிப் பார்க்காத வருஷங்களும். நண்டு வளையும் எலி வளையும் முதலில் விரல் தடிமனுக்குத்தான் இருக்கும். வெளிச்சரிவில் ஓரிடம் மட்டும் ஈரமாகத் தெரியும், கோரை பச்சையாக நிற்கும். கசிவு தெளிந்த தண்ணீராக வந்தால் பொறுக்கலாம், கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். இதையெல்லாம் பார்ப்பதற்கு ஊரில் ஓர் ஆள் இருந்தார், அவருக்கு அறுப்பில் ஒரு பங்கு இருந்தது. பங்கு நின்றது, ஆளும் நின்றார். ஊர்ச்சனமே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை 2016-17இல் அரசு திரும்பத் தொடங்கியபோது மண்வேலை நடந்தது, கரையில் தினம் நடக்கிற கால்கள் திரும்பவில்லை. நடமாட்டம் நின்ற கரையைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொன்னதும், அகற்றின இடத்தில் அடுத்த மழைக்கே அது முளைத்ததும் தெரிந்த கதை. அந்த முள் ஒரு சைக்கிள்காரருக்கு என்ன செய்யும் என்பது பஞ்சர் கடையில் உட்கார்ந்தால் விளங்கும். டியூபைக் காற்றடித்துச் சட்டித் தண்ணீரில் அமுக்கித் திருப்புவார்கள். குமிழ் ஓரிடத்தில் வந்தால் ஆணி, வரிசையாக மூன்று நாலு இடத்தில் வந்தால் கருவேல முள். உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, ஒட்டுப்போட்ட பிறகும் கடைக்காரர் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். முறிந்த முனை அங்கேயே நிற்கும், எடுக்காவிட்டால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கும். கரை வழியாக இருக்க வேண்டுமானால் அந்த முள் போக வேண்டும். முள் போனபடியே இருக்க வேண்டுமானால் அது வழியாக இருந்தாக வேண்டும். இதில் எது முதலில் என்று கேட்டால், வழி என்றே சொல்வேன். வெட்டுவதற்கு ஒரு வருஷத்து நிதி போதும், நடமாட்டம் நிதியில் வருவதல்ல.

ஓர் ஆட்சேபத்துக்கு மட்டும் எனக்கு மறுமொழி இல்லை, ஒப்புதல்தான் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். குஞ்சுகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. நான் சைக்கிளுக்குச் சொன்ன நாலு மாதமும் பறவைகள் வருகிற அதே நாலு மாதம். அந்தக் கரைகளில் வழி வேண்டாம். பிள்ளைகளுக்கு மத்தாப்போடு தீபாவளியை முடித்துக்கொள்ளப் பழக்கிய ஊரிடம் போய்ச் சைக்கிள் மணியடிக்க உரிமை கேட்பது அழகல்ல. எல்லாக் கரையும் வழியாக வேண்டும் என்பதல்ல. எது வழி, எது வழியல்ல என்று எழுத்தில் இருக்க வேண்டும். 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுவதைப் பேசுகிறது. நல்லது. ஆனால் ஆக்கிரமிப்பை அகற்றிய கரை சும்மா கிடந்தால் அடுத்த ஆக்கிரமிப்பு எவ்வளவு நாளில் வரும் என்பதை ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.

கண்மாய்களுக்குப் பழைய வழக்கமாவது மிச்சமிருக்கிறது. புதிதாக வெட்டுவதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் இப்போதைய கேள்வி. காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து மொத்தம் 262 கிலோமீட்டர். அதன் இரண்டாம் கட்டம் தெற்கு வெள்ளாற்றிலிருந்து வைகைக்கு, சிவகங்கைச் சீமைக்கு ஊடாக, சுமார் 109 கிலோமீட்டர். மிதிக் கால்வாயைவிட நீளமான ஒரு கால்வாய் நம் வாசல் வழியாக வரப்போகிறது என்ற நினைப்பே இங்கே பலருக்கு இல்லை. தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதில் எனக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. காவிரியில் மிகுந்தால்தானே இங்கே. ஆனால் தண்ணீர் வராத நாளிலும் கரை இருக்கும். அதற்கான நிலம் பட்டாதாரர்களிடமிருந்து அரசால் எடுக்கப்பட்டு, அரசின் பெயரில் இருக்கும். 1934இல் திறந்த கல்லணைக் கால்வாயைப் பாருங்கள். கல்லணையிலிருந்து தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி 148 கிலோமீட்டர் வருகிறது, ஊர்ச்சனம் அதை இன்னும் புது ஆறு என்றே சொல்கிறது. அதைச் சீரமைக்கும்போது அடித்தளத்துக்குக் காங்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று 2021இல் விவசாயிகள் மறித்தார்கள். அடித்தளத்துக்கு அவ்வளவு விவாதம் நடந்தது, கரைக்கு எதுவும் நடக்கவில்லை.

எந்தக் கால்வாயின் வரைபடத்திலும் ஒரு கரையில் ஆய்வுச் சாலை என்று ஒரு பட்டை இருக்கும். பொறியாளரின் ஜீப் போவதற்கு. அந்தச் சாலை ஊர்ச்சாலையைச் சந்திக்கும் இடங்களில் லாரி நுழையாமலிருக்கக் குறுக்கே ஒரு கம்பி வைப்பார்கள். பிரெஞ்சுக் கரைகளிலும் அந்தக் கம்பி உண்டு, அதன் ஒரு ஓரத்தில் கைப்பிடி இடிக்காமல் ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். நம் வரைபடத்தில் அந்தக் கம்பியின் நீளத்தை இன்னும் யாரோ ஒரு வரைவாளர் எழுத வேண்டியிருக்கிறது.